12 லட்சம் சம்பளம், ஆனால் மாதச் செலவுக்கு உண்மையில் எவ்வளவு?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் தனியார் கம்பெனி வேலை, ஒருவர் சம்பளத்தில் நான்கு பேர். ஆஃபர் லெட்டரில் 12 லட்சம் என்று இருக்கிறது, கம்பெனி தருகிற சம்பளச் சான்றான ஃபார்ம் 16-இல் 10,88,000 என்று இருக்கிறது, ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் மொத்த வருமானம் 10,38,000 என்று வருகிறது, வங்கியில் மாதம் விழுவது 79,200. இருபதாம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இல்லை, ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு கிரெடிட் கார்டைத் தேய்க்கிறீர்கள். 12 லட்சம் வாங்குகிறவன் மாதம் நாற்பதாயிரம் சேர்க்கவில்லை என்றால் பணத்தைத் தண்ணீராய் விடுகிறான் என்று அர்த்தம் என மச்சான் சொல்கிறார். பணம் எல்லாம் வரியில் போகிறதா, இந்த நான்கில் எதுதான் என் சம்பளம் என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், 43 லட்சம் வரை வீட்டுக் கடன் தருவதாக வங்கி சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: என் வீட்டில் தவறு நடக்கிறதா, இல்லை கணக்கே இப்படித்தானா?

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பல வருடங்களாக சம்பளக்காரர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் ரிட்டர்ன் போடுகிற வேலையில் இருக்கிறேன். ஜூன், ஜூலையில் எங்கள் மேசைக்கு வருகிற முகங்களில் பாதி இதே கேள்வியோடுதான் வரும். உங்கள் பே ஸ்லிப்பை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய எண்களை வைத்துத்தான் சொல்கிறேன். எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். எதில் முதலீடு செய்வது என்பது என் துறை இல்லை, அதைத் தொடப் போவதில்லை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: பணம் வரியில் போகவில்லை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, 4-இலிருந்து 8 வரை 5 சதவீதம், 8-இலிருந்து 12 வரை 10 சதவீதம். 10,88,000-இல் நிலையான கழிவு 75,000 போனால் 10,13,000. அதோடு உங்கள் எஃப்டி வட்டி 22,000, சேமிப்புக் கணக்கு வட்டி 3,000 சேர்ந்து 10,38,000. இதற்கு ஸ்லாப்படி 43,800 ரூபாய் வரி வரும், ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் பிரிவு 87ஏ தள்ளுபடியில் அது முழுக்கக் கழிந்துவிடும். நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரி சுழி. நீங்கள் சொன்ன பிடித்தங்களிலும் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) என்று எதுவும் இல்லை, அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. ஒருவேளை உங்கள் கம்பெனி பழைய முறையில் கணக்குப் போட்டு ஏதாவது பிடித்திருந்தால், இந்த ரிட்டர்னிலேயே புதிய முறையில் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சரி, அப்போது 12 லட்சத்துக்கும் 79,200-க்கும் நடுவில் என்ன நடந்தது? மேலிருந்து இறங்கி வருவோம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 40,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி தன் பங்காக பிஎஃப்-க்குக் கட்டுகிற 12 சதவீதம் வருடத்துக்கு 57,600. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) என்று 4.81 சதவீதம், அதாவது 23,088. குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியமாக 11,312 காட்டியிருக்கிறார்கள். இந்த மூன்றும் உங்களுக்காகக் கம்பெனி செய்கிற செலவு, அதனால் சிடிசியில், அதாவது ஆஃபர் லெட்டரில் இருக்கிற அந்த 12 லட்சத்தில், ஏறும். உங்கள் கைக்கும் வராது, ஃபார்ம் 16-இன் மொத்தச் சம்பளத்திலும் வராது. அடுத்து வேரியபிள் பே, அதாவது கூடக்குறைய வருகிற போனஸ், ஒரு லட்சம். அது சிடிசியில் முழு லட்சமாக இருக்கிறது, கிடைத்தது 80,000. ஆக மாதாமாதம் உறுதியாக வருகிற மொத்தச் சம்பளம் 84,000, வருடத்துக்கு 10,08,000. அதில் போனஸ் 80,000 சேர்த்தால்தான் ஃபார்ம் 16-இல் இருக்கிற 10,88,000.

இப்போது அந்த 10,88,000-ஐ 12-ஆல் வகுத்தால் 90,667 வரும். வங்கியில் விழுவது 79,200. வித்தியாசம் 11,467. உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற தொகை இதுதான். இதில் 4,800 உங்கள் சம்பளத்திலிருந்து போகிற பிஎஃப் பங்கு. மீதி 6,667 என்பது 80,000 போனஸின் பன்னிரண்டில் ஒரு பங்கு, அது மாதாமாதம் வராமல் மொத்தமாக ஒரு நாள் வந்துவிட்டது. ஒரு ரூபாய் கூடக் காணாமல் போகவில்லை. இதைத் தவிர தொழில் வரி மட்டும்தான். தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சிக்குப் போகும், அதிகபட்சம் வருடத்துக்கு 2,500.

இந்த இடத்தில் உங்கள் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல் தரக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஒரு பைசா சேமிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை இல்லை. உங்கள் பங்கு வருடத்துக்கு 57,600 பிஎஃப் கணக்கில் போகிறது. கம்பெனி கட்டுகிற 57,600-இல் மாதம் 1,250 வீதம் 15,000 ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரியும், மீதி 42,600 உங்கள் பிஎஃப் கணக்குக்கே வரும். சேர்த்தால் வருடம் 1,00,200. மாதம் 8,350 ரூபாய் நீங்கள் கண்ணால் பார்க்காமலே சேர்ந்துகொண்டிருக்கிறது. 2024-25-க்கு இதற்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். பாஸ்புக்கை ஒரு தடவை திறந்து பாருங்கள். அதே மூச்சில் இன்னொன்று: வேலை மாறும்போது இந்தப் பணத்தை உருவாதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்ச்சியான சேவை ஐந்து வருடம் நிரம்பும் முன் எடுத்தால் அது வரிக்குள் வரும், அப்போது சுழி என்று நினைத்த ரிட்டர்ன் சுழியாக இருக்காது. கிராஜுவிட்டியும் அப்படித்தான், வழக்கமான நிரந்தர வேலையில் ஐந்து வருடம் நிரம்பினால்தான் கைக்கு வரும். நடுவில் விலகினால் சிடிசியில் வருடாவருடம் எழுதிய அந்த 23,088 உங்களுக்கு இல்லை.

அப்புறம் எஃப்டி வட்டி. அந்த 22,000-ஐ நான் பார்க்கவே இல்லையே, ஏஐஎஸ்-இல் (வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கை) எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது முதிர்வின்போது மொத்தமாகத் தருகிற டெபாசிட். வட்டி வருடாவருடம் உங்கள் பெயரில் ஏறுகிறது, வங்கி அதை வருமான வரித் துறைக்குச் சொல்லிவிடுகிறது, பணம் கைக்கு வருவதோ முதிர்ந்த பிறகு. 50,000-க்குள் என்பதால் டிடிஎஸ் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காகக் காட்டாமல் விடக் கூடாது. வருமான வரிப் படிவத்தில் இப்படிக் கைக்கு வராத பணமும் இருக்கும் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிற உதாரணம் இது. எதிர்ப்பக்கமும் உண்டு. கைக்கு வருகிற நகைக்கடன் பணமோ, சீட்டு எடுத்த பணத்தில் நீங்கள் கட்டிய பங்கோ, தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்ததைத் தம்பி திருப்பிக் கொடுத்ததோ வருமானம் இல்லை, ரிட்டர்னில் வராது. ஆனால் செலவு செய்யும்போது நம் கை இவற்றைச் சம்பளப் பணத்தோடு சேர்த்துத்தான் எண்ணும். சீட்டு எடுத்த மாதம் வீடு தாராளமாக இருப்பதும், அடுத்து வரும் மாதங்களில் தவணை கட்டத் திணறுவதும் இதனால்தான்.

ஆக, எது என் சம்பளம் என்ற கேள்விக்கு என் பதில்: நான்குமே சரியான எண்கள்தான், ஒவ்வொன்றும் வேறு ஆளுக்காகப் போட்டது. 12 லட்சம் கம்பெனிக்கு நீங்கள் எவ்வளவு செலவு என்பது. 10,88,000 கம்பெனி உங்களுக்குச் சம்பளம் என்று கொடுத்தது. 10,38,000 எதன் மேல் வரி கணக்கிடுவது என்று சட்டம் கேட்பது. 79,200 வங்கிக்கு வந்தது. குடும்பம் நடத்தத் தேவையான எண் இந்த நான்கிலும் இல்லை. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குப் படிவத்தில் தரமாட்டார்கள், நீங்களேதான் போட வேண்டும். அதைப் போடாததுதான் உங்கள் வீட்டுச் சிக்கல் என்பது என் கணிப்பு.

போட்டுப் பார்ப்போம். வருடத்தில் உண்மையாகக் கைக்கு வந்த பணம்: 79,200 பன்னிரண்டு முறை, 9,50,400. போனஸ் 80,000. தொழில் வரி 2,500 கழித்தால் 10,27,900. இதிலிருந்து நீங்கள் எழுதியவை: வாடகை 16,000 வீதம் 1,92,000. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 1,20,000. ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 36,000. வண்டி இஎம்ஐ 4,500 வீதம் 54,000. அம்மாவுக்கு ஊருக்கு அனுப்புவது மாதம் 5,000, அதாவது 60,000. இவ்வளவும் போக 5,65,900. நீங்கள் எழுதாமல் விட்டவை சில இருக்கும். தீபாவளித் துணி, பொங்கல், ஊருக்குப் போய்வருகிற செலவு, கல்யாணம் காதுகுத்து மொய், வண்டி இன்சூரன்ஸ், பல் டாக்டர், மிக்ஸி ரிப்பேர். இதற்கெல்லாம் 90,000 என்று வைக்கிறேன். இது என் ஊகம், நான் பார்க்கிற குடும்பங்களை வைத்துப் போட்டது. உங்கள் சொந்தபந்தம் பெரிது என்றால் மொய் மட்டுமே இதில் பாதியைத் தாண்டலாம். மீதி 4,75,900. மாதத்துக்கு 39,658. நாளுக்கு 1,304 ரூபாய், நான்கு பேருக்கு.

12 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 3,288 வரும். ஆஃபர் லெட்டரைப் பார்த்து மச்சான் மனதில் வைத்திருப்பது அந்த எண். உங்கள் மனைவி மளிகைக் கடையில் நிற்கும்போது அவர் கையில் இருப்பது 1,304. போனஸை நம்பாமல் கணக்குப் போட்டால் 1,085. (போனஸை நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன், இந்த வருடமே ஒரு லட்சம் சொல்லி 80,000-தான் வந்திருக்கிறது.) அதாவது மாதம் சுமார் 33,000. மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்டு, பெட்ரோல், போன், கேபிள், பிள்ளைகளின் டியூஷன், ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் இதற்குள். இந்த 33,000-இலிருந்து மாதம் நாற்பதாயிரம் எடுத்துச் சேமிக்க யாராலும் முடியாது. உங்கள் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், தயவுசெய்து. பணம் எங்கே போகிறது என்று வீட்டில் வாக்குவாதம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் வீணாக்கவில்லை. இரண்டு பேரும் வெவ்வேறு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் இருபதாம் தேதி ஏன் காலியாகிறது? சம்பளம் விழுந்த அன்று 79,200 தெரிகிறது. வாடகை, இஎம்ஐ, அம்மாவுக்கு என்று 25,500 போகும். மீதி 53,700 கணக்கில் நிற்கிறது, அது முழுவதும் இந்த மாதத்துக்கானது என்று கண் நம்பிவிடுகிறது. ஆனால் அதில் 20,500 இந்த மாதத்துப் பணம் இல்லை. பள்ளிக் கட்டணம் 1,20,000, பிரீமியம் 36,000, பண்டிகை விசேஷம் 90,000, ஆக மொத்தம் வருடத்துக்கு 2,46,000 என்பது மாதத்துக்கு 20,500. அது வருடத்தில் எப்போதோ ஒரு நாள் வந்து நிற்கப்போகிற செலவுகளின் பங்கு. அதை ஒதுக்காமல் செலவு செய்கிறபோது மாதம் ஓடுகிற மாதிரிதான் தெரியும், ஜூன் வந்ததும் உடையும். உடைந்ததும் கார்டு. கட்ட முடியாமல் சுழலவிட்டால் கார்டு கடனுக்கு மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. போன வருட ஜூன் பாக்கியின் வட்டியைத்தான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் 33,000-க்குள் வாழ முடிகிற குடும்பம் இருபதாம் தேதியே நிற்பதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. கார்டு ஸ்டேட்மென்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால், எஃப்டியை உடைத்தாவது முதலில் அதை அடைத்துவிடுங்கள். எஃப்டி தருகிற வட்டியும் கார்டு எடுக்கிற வட்டியும் ஒப்பிடவே முடியாதவை.

செய்ய வேண்டியது எளிது. இன்னொரு சேமிப்புக் கணக்கு, ஏடிஎம் கார்டும் யுபிஐயும் இணைக்காதது. சம்பளம் விழுந்த மறுநாள் 20,500 தானாக அங்கே போக வேண்டும். பள்ளி, பிரீமியம், தீபாவளி எல்லாம் அங்கிருந்து. போனஸ் வந்தால் அதுவும் முதலில் அங்கேதான் போக வேண்டும், ஏனென்றால் முதல் வருடம் இந்தக் கணக்கு நிரம்புவதற்குள் ஜூன் வந்துவிடும். மீதி 33,000-த்தில் மாதத்தை ஓட்டிப் பாருங்கள். கஷ்டமாக இருந்தால் எதைக் குறைப்பது என்று அப்போது பேசலாம், அது உண்மையான எண்ணை வைத்துப் பேசுகிற பேச்சாக இருக்கும்.

ஊரோடு ஒப்பிட்டால் நாங்கள் அதிகமாகச் செலவு செய்கிறோமா என்றும் கேட்டிருந்தீர்கள். மத்தியப் புள்ளியியல் துறையின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதுமான நகர்ப்புறச் சராசரி, தலைக்கு மாதம் 6,996 ரூபாய். நான்கு பேருக்கு 28,000 பக்கம். ஆனால் அதில் வாடகை, படிப்பு எல்லாம் அடக்கம், உங்கள் 33,000-த்தில் அவை இல்லை. அதனால் நேராக ஒப்பிட முடியாது. வாடகையையும் பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் சராசரி நகரக் குடும்பத்தைவிட நல்ல வசதியில்தான் இருக்கிறீர்கள். இதிலிருந்து நீங்கள் ஊதாரி என்றோ சிக்கனம் என்றோ முடிவு கட்ட மாட்டேன். நாட்டுச் சராசரியில் சின்ன ஊர்களும் இருக்கின்றன, கோயம்புத்தூர் வாடகையும் பள்ளிக் கட்டணமும் வேறு.

மச்சானைப் பற்றிச் சொன்னீர்கள். கடை வைத்திருக்கிறார், ரிட்டர்னில் வருமானம் ஐந்து லட்சத்துக்குள், ஆனால் கார் வைத்திருக்கிறார், நான் 10 லட்சம் காட்டியும் டூ வீலர் என்று. அவர் கணக்கை நான் பார்க்காததால் அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொதுவாகக் கடைக்காரர்கள் பிரிவு 44ஏடி-இல் போடுவார்கள். வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம், குறைந்தபட்சம் இதை லாபமாகக் காட்ட வேண்டும். 70 லட்சம் விற்பனை, எல்லாம் யுபிஐ என்றால் 4,20,000. மாதம் ஆறு லட்சம் பக்கம் அவர் கை வழியாக ஓடும், அதில் பெரும்பகுதி சரக்கு கொடுத்தவருக்கு. பெட்ரோலும் போனும் கடைச் செலவில் போகும், கார் கடன் கடையின் வரவில் ஓடும். அவருடைய ரிட்டர்னை வைத்து அவர் வீட்டுச் செலவைக் கணிக்க முடியாது, அதே மாதிரிதான் உங்கள் சிடிசியை வைத்து உங்கள் சேமிப்பை அவர் கணித்ததும். அவருக்கு பிஎஃப் இல்லை, மாதச் சம்பளம் என்ற உத்தரவாதம் இல்லை, சரக்கு தேங்கினால் பொறுப்பு அவருடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் உங்களுக்கும் பயன் இல்லை, அவருக்கும் இல்லை.

வரிப் பக்கம் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, வரி மிச்சம் என்று சொல்லி யாராவது பாலிசி விற்க வந்தால் உங்களுக்கு அது பொருந்தாது. பழைய முறையில் உங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500, வாடகைப் படி விலக்கு 1,44,000 வரை, பிஎஃப்-பிரீமியம்-டியூஷன் ஃபீஸ் எல்லாம் சேர்ந்து சேமிப்புக்கான கழிவுப் பிரிவு 80சி-இல் உச்சவரம்பான 1,50,000, சேமிப்புக் கணக்கு வட்டி 3,000. இவ்வளவும் கழித்த பிறகும் வரிக்குரிய வருமானம் 7,63,500, செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 67,808 வரி. புதிய முறையில் சுழி. வாடகைப் படி விலக்கு மட்டும் உங்கள் பே ஸ்லிப்பில் எச்ஆர்ஏ (அந்த வாடகைப் படி) எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், ஆனால் முடிவு மாறாது. எனவே 36,000 பிரீமியம் கட்டுவதில் உங்களுக்கு இப்போது ஒரு ரூபாய் வரிச் சலுகையும் இல்லை. காப்பீடாக அது தேவையா என்று மட்டும் பாருங்கள். நான்கு பேர் ஒரு சம்பளத்தை நம்பி இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு தொகைக்குக் காப்பு இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி, வரி அதற்குக் காரணமாக இருக்கத் தேவையில்லை.

இரண்டு, சம்பள உயர்வு. உங்கள் வட்டி வருமானம் 25,000 இருப்பதால், ஃபார்ம் 16 சம்பளம் 12,50,000 ஆகும்வரை வரி சுழி. அதைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும், அதற்குப் பதிலாக விளிம்பு நிவாரணம் என்று ஒன்று வரும். வட்டி இதே அளவில் இருந்து, அந்தச் சம்பளம் 13 லட்சம் ஆகிவிட்டால் மொத்த வருமானம் 12,50,000. ஸ்லாப்படி 67,500 வரி, ஆனால் 12 லட்சத்துக்கு மேல் சம்பாதித்தது 50,000-தான் என்பதால் வரியையும் 50,000-இல் நிறுத்துவார்கள், செஸ்ஸோடு 52,000. கூடுதலாக வந்த 50,000 முழுவதும் போய் மேலே 2,000-மும் போகும். சுமார் 13,20,000 தாண்டும்வரை இந்த நிலைதான். அந்த வருடம் சம்பளம் ஏறியும் கையில் ஏறவில்லையே என்று திகைக்காதீர்கள். கம்பெனி உங்கள் பெயரில் என்பிஎஸ்-க்கு (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கட்டினால் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. உயர்வு பேசும்போது எச்ஆர்-இடம் அதைக் கேட்டு வையுங்கள். ஆனால் அது நீண்ட காலத்துக்குப் பூட்டின பணம், அதையும் யோசியுங்கள்.

கடைசியாக வீடு. நீங்கள் ஒரு வரியில் எழுதியதுதான் உங்கள் கேள்வியிலேயே கனமான பகுதி. வங்கி 43 லட்சம் என்று எப்படிச் சொல்லியிருக்கும் என்று என்னால் யூகிக்க முடிகிறது. மாத மொத்தச் சம்பளம் 84,000, அதில் பாதி 42,000, வண்டி இஎம்ஐ 4,500 கழித்தால் 37,500. 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 43 லட்சத்தின் இஎம்ஐ 37,300 பக்கம் வரும், கிட்டத்தட்டப் பொருந்துகிறது. வங்கிகள் பொதுவாக இந்த மாதிரிதான் போடும், உங்கள் வங்கியின் சூத்திரம் கொஞ்சம் வேறாக இருக்கலாம். அவர்கள் கணக்கில் பிள்ளைகளின் பள்ளி இல்லை, அம்மா இல்லை, தீபாவளி இல்லை. கடன் திரும்பி வருமா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. நீங்கள் வாடகை 16,000 மிச்சம் என்று நினைப்பீர்கள், சரி, கூடுதல் சுமை 21,300. அதை அந்த 33,000-இலிருந்து எடுத்தால் மிஞ்சுவது 12,000-க்குக் கீழே, அதிலும் அபார்ட்மென்ட் பராமரிப்பு, சொத்து வரி போக வேண்டும். நான்கு பேர் அதில் வாழ முடியாது. முன்பணம், பத்திரச் செலவுக்கு எஃப்டியும் போய்விட்டிருக்கும். கடன் வாங்கினால் வரி குறையும் என்ற வாதமும் உங்களுக்கு எடுபடாது. வட்டிக்கு 2 லட்சம் கழிவு வேண்டும் என்று பழைய முறைக்குப் போனால், வாடகை விலக்கை இழந்து, 56,000 பக்கம் வரி கட்டுவீர்கள்.

வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டிக் கடன் முடியட்டும், கார்டு பாக்கி இருந்தால் அது முதலில் தீரட்டும். அப்புறம் எத்தனை லட்சம் கடன் என்று கேட்காமல் எவ்வளவு இஎம்ஐ என்று கேளுங்கள். மாதம் 24,000 இஎம்ஐ என்றால் அதே 8.5 சதவீதத்தில், 20 வருடத்துக்கு, சுமார் 27.6 லட்சம் கடன். அந்த அளவு தாங்குமா என்று தெரிந்துகொள்ள, வாடகைக்கு மேல் ஆகிற 8,000-ஐ இப்போதே ஒரு ஆர்டியில் (மாதாமாதம் கட்டுகிற வங்கி டெபாசிட்) போட ஆரம்பியுங்கள், 20,500 ஒதுக்குவதைத் தொடர்ந்துகொண்டே. ஒரு முழு வருடம், நடுவில் ஒரு ஜூனும் ஒரு தீபாவளியும் கார்டு இல்லாமல் கடந்தால் வங்கிக்குப் போகலாம். கடக்கவில்லை என்றால் தொகையைக் குறையுங்கள். இந்த வருட ரிட்டர்னைப் பொறுத்தவரை, ஏஐஎஸ்-இல் இருக்கிற வட்டியைச் சேர்த்து, புதிய முறையில், ஐடிஆர்-1 போதும். ஜூலை 31 வரை காத்திருக்காமல் போட்டு, ஆதார் ஓடிபியில் இ-வெரிஃபை செய்துவிடுங்கள்.